ஊசிக் கம்பியில் இரண்டு கோடு

தங்கச்சிக்கு ஏழு மாதம் நடந்துகொண்டிருந்தபோது, பிறக்கப் போகிற பிள்ளைக்கு ஒரு ஒட்டுத்துணி விரிப்புத் தைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். துண்டுகளை வெட்டி, சதுரம் சதுரமாகப் பொருத்தி, மேல்பக்கம் முழுவதும் முடித்துவிட்டேன். பிறகு மேல்துணி, நடு அடுக்கு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கத் தொடங்கிய இரண்டாம் நாளே மெசின் தையலை விட்டு விட்டுப் போட ஆரம்பித்தது. நாலு தையல் ஒழுங்காக விழும், ஐந்தாவது விழாது. மறுகா பத்து விழும், மூன்று விழாது. தடித்த இடம் வந்தால் தையலே இல்லை, நூல் மட்டும் மேலே நீளமாகக் கிடக்கும். இப்படியே மூன்று வாரம் போனது. அந்த மூன்று வாரத்தில் நான் விட்ட பிழைகளையும் கடைசியில் பழுது எங்கே இருந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன். எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீட்டு மூலையில் இதே மாதிரிக் கால் மெசின் துணியால் மூடிக் கிடக்கிறது, அவற்றில் பலதுக்குப் பெரிய பழுது ஒன்றும் இருக்காது என்று நான் நம்புகிறேன்.

மட்டக்களப்பு வெக்கைக்கு இந்த மாதிரித் தடித்த விரிப்பு எதற்கு என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. போர்த்துக்கொள்ள இல்லை, விரிக்கத்தான். மாரி தொடங்கினால் சீமெந்துத் தரை சில்லென்று ஏறும், பாய்க்கு மேலே இதை விரித்துப் பிள்ளையைக் கிடத்தலாம். அம்மம்மா காலத்தில் பழைய நூல் சேலையை நாலாக மடித்துக் கையாலேயே நூலோடி விரிப்பாக்குவார்கள், நான் செய்வது அதன் தொடர்ச்சிதான். தையல் கடைகளில் மிஞ்சுகிற சீத்தைத் துண்டுகள், மருதமுனைக் கைத்தறிச் சாறங்களின் கரைத் துண்டுகள், வீட்டில் நைந்த சட்டைகள், எல்லாம் சேரும். நடுவில் வழக்கமாகப் பழைய சாறம் ஒன்றைத்தான் வைப்பேன். இந்த முறை மெத்தென்று இருக்கட்டும் என்று தங்கச்சி ஆசைப்பட்டதால் கொழும்பிலிருந்து பஞ்சு அடுக்கு எடுப்பித்தேன். அந்தப் பஞ்சு மெசினுக்கு என்ன செய்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மெசின் அம்மம்மாவுடையது. கறுப்பு உடல், பொன் நிறப் பூவேலை பாதி அழிந்துவிட்டது, சிங்கர். சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877இல். அந்தக் காலம் முதல் நம் நாட்டுக்கு வந்த மெசின்களில் நிறைய ஸ்கொட்லாந்தில் கிளைட்பேங்க் என்ற ஊரில் இருந்த பெரிய தொழிற்சாலையில் செய்தவை, அந்தத் தொழிற்சாலையை 1980இல் மூடிவிட்டார்கள். உடம்பில் பதித்திருக்கிற தொடர் எண்ணின் முன்னெழுத்துகளை வைத்து எங்கே செய்தது என்று கண்டுபிடிக்கலாம். என்னுடையதும் கிளைட்பேங்க்தான். செய்த ஊரில் இப்போது அந்த வேலை இல்லை, கல்லடியில் இந்த மெசின் இன்னும் தைக்கிறது.

சும்மா தைக்கவில்லை, கடலுக்குள் போய் வந்து தைக்கிறது. எங்கள் வீடு கடலுக்கும் வாவிக்கும் நடுவில். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது நாங்கள் எல்லோரும் உயிரோடு தப்பினோம், வீட்டுச் சாமான்களில் மிஞ்சியது கொஞ்சம்தான். நாலாம் நாள் அப்பா போய்ப் பார்த்தபோது மெசின் மணலுக்குள் தலைகீழாகப் புதைந்து கிடந்ததாம். மரப் பலகை ஊதிப் பிளந்துவிட்டது. கரையோரக் கிணறுகள் எல்லாம் உப்பாகிவிட்டதால் வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் இருக்கிற மாமா வீட்டுக்கு மெசின் தலையை மட்டும் கொண்டுபோய், நல்ல தண்ணீரை வாளி வாளியாக ஊற்றி முதலில் உப்பைக் கழுவினார். அது முக்கியம். உப்பு உள்ளே இருக்க மேலே எண்ணெய் விட்டால் எண்ணெய்க்குக் கீழே கறள் பிடித்துக்கொண்டே இருக்கும். கழுவி, வெயிலில் காயவைத்து, மண்ணெண்ணெய் விட்டு, சில்லை அசைத்து அசைத்து, ஒரு கிழமைக்குப் பிறகு முழுச் சுற்றுச் சுற்றியதாம். அப்பா புதுப் பலகை அடித்துக் கொடுத்தார். வார்ப்பிரும்புக் காலில் அன்று பிடித்த கறளின் தழும்பு இன்னும் இருக்கிறது, நான் அதற்குப் பெயின்ட் அடிக்கவில்லை.

நடுவில் நான் ஒரு கரண்ட் மெசினும் வாங்கினேன். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த நாட்களில் அது மேசையில் சும்மா இருந்தது. அப்போதுதான் அம்மம்மாவின் மெசினுக்குத் திரும்பினேன், பிறகு விடவே இல்லை. மூன்று அடுக்குத் துணியில் ஊசியை இறக்க அதற்கு இருக்கிற பலம் என் கரண்ட் மெசினுக்கு இல்லை. அதோடு கால் மெசினில் ஒவ்வொரு தையலாக மெதுவாகப் போகலாம், மூலை திரும்புகிற இடத்தில் ஒரு கையைச் சில்லில் வைத்தால் போதும்.

சரி, பழுதுக்கு வருகிறேன். தொடங்கிய நேரம் கூட ஞாபகம் இருக்கிறது, பின்னேரம் நாலு மணி இருக்கும். எட்டு மூலைகள் ஒரே புள்ளியில் சந்திக்கிற இடம், பின்பக்கம் விளிம்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மேடாக இருந்தது. அதற்குள் ஒரு குண்டூசியையும் எடுக்காமல் விட்டிருக்கிறேன். டக் என்று ஒரு சத்தம், ஊசி முறிந்து நுனி தெறித்தது. புது ஊசி போட்டுத் தொடர்ந்தேன். அதிலிருந்துதான் தையல் விடத் தொடங்கியது. ஊசி முறிந்ததற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் ஊசிதான் புதிதாகிவிட்டதே.

நூல் பழசு என்று நூலை மாற்றினேன். ஊசியை மூன்று தரம் மாற்றினேன். மேல் நூலின் இறுக்கத்தை, அதாவது டென்ஷனைக் கூட்டினேன், குறைத்தேன், மறுபடி கூட்டினேன். அதுவும் சரிவரவில்லை என்று கீழ் நூல் சுற்றிய பொபினை வைக்கிற பொபின் கேஸில் இருக்கிற சின்ன ஸ்குரூவையும் திருகினேன். இதுதான் நான் விட்ட பெரிய பிழை. அதுவரை ஒரு பழுது இருந்தது, இப்போது இரண்டு. கீழ் நூல் தொளதொளவென்று வர, தையல் விடாத இடத்திலும் துணியின் மேல்பக்கம் புள்ளி புள்ளியாகக் கீழ் நூல் எட்டிப் பார்த்தது. எது முதல் பழுது, எது நான் உண்டாக்கிய பழுது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போய்விட்டது.

டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். பார்த்தவர் இரண்டு நிமிடத்தில் ஷட்டில், அதாவது கீழே பொபினைச் சுற்றிவந்து நூலைப் பிடிக்கிற பாகம், தேய்ந்துவிட்டது என்றார். மாற்றினார், 4500 ரூபாய் வாங்கினார். வீட்டுக்கு வந்து தைத்தால் அதே கதை. திரும்பப் போனபோது, “இது பழைய மெசின், இனி இப்படித்தான், புதுசு ஒண்டு எடுங்க” என்றார். ஓட்டோவில் வரும்போது மெசின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், கடல் கொண்டுபோய்த் திருப்பித் தந்ததைக் குப்பை என்று சொல்லிவிட்டாரே என்று அழுகை வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு மாமிதான் காத்தான்குடியில் மெசின் திருத்துகிற ஒரு நானாவைச் சொன்னார், முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். மெயின் வீதியிலிருந்து இரண்டு ஒழுங்கை உள்ளே, வீட்டு முன் மண்டபத்தில் ஒரு மேசை, அதுதான் அவருடைய கடை. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்ல, அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“ஊசி முறிஞ்சதா மகள்?”

“ஓம் நானா, ஆனா அதுக்குப் பிறகு புது ஊசி போட்டுட்டன்.”

“ஊசி புதுசு. கம்பி பழசுதானே.”

முதலில் ஊசியைக் கழற்றி, தட்டைப் பக்கம் படும்படி ஒரு கண்ணாடித் துண்டில் வைத்து, ஊசிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் தெரிகிற வெளிச்சத்தைப் பார்த்தார். நேராக இருந்தால் அந்தக் கோடு நுனி வரை ஒரே அளவில் இருக்கும், வளைந்திருந்தால் ஒரு பக்கம் ஒடுங்கும். பிறகு நுனியை நகத்தில் மெல்ல இழுத்துப் பார்த்தார். ஊசியில் பிழை இல்லை. அடுத்து மெசினின் இடது முகத்தில் இருக்கிற தகட்டை, ஒரே ஒரு ஸ்குரூ, கழற்றினார். உள்ளே ஊசியைப் பிடித்து மேலும் கீழும் போய்வருகிற கம்பி தெரிந்தது, அதை அவர் ஊசிக் கம்பி என்கிறார். சில்லைக் கையால் மெதுவாகச் சுற்றி, கம்பி எவ்வளவு கீழே போகுமோ அவ்வளவு கீழே கொண்டுவந்து நிறுத்தி, டோர்ச்சைக் கம்பியின் அடியில் அடித்தார்.

“கம்பியில ரெண்டு கோடு இருக்கோணும். எத்தின தெரியுது?”

குனிந்து பார்த்தேன். கம்பி ஒரு குழாய்க்குள் இருந்து வெளியே வருகிறது. அதன் மேல் நகக்கீறல் போல மெல்லிய கோடு ஒன்று குறுக்கே வெட்டியிருந்தது. ஒன்றுதான்.

“மத்தது உள்ளுக்க போயிட்டு. அதான் உங்கட வருத்தம்.”

இந்த மெசின்களைச் செய்தவர்கள் ஊசிக் கம்பியில் இரண்டு கோடு போட்டே அனுப்பியிருக்கிறார்கள். கம்பி அடிமட்டத்தில் நிற்கும்போது மேல்கோடு அந்தக் குழாயின் வாயில் சற்றே தெரிய வேண்டும். அங்கிருந்து கம்பி மேலே ஏறத் தொடங்கி, கீழ்க்கோடு குழாய் வாய்க்கு வருகிற அந்த நொடியில் ஷட்டிலின் கூர்நுனி சரியாக ஊசியை வந்து தொடுகிற மாதிரி நிற்க வேண்டும், அதுவும் ஊசிக் காதுக்கு ஒன்றரை மில்லிமீற்றர் அளவு மேலே. ஊசி கீழே போய் மேலே திரும்புகிறபோதுதான் நூல் அதன் பின்னால் ஒரு சின்ன வளையமாகப் பிதுங்கும். ஷட்டில் நுனி அந்த வளையத்துக்குள் புகுந்து நூலை இழுத்துக்கொண்டு பொபினைச் சுற்றிவர வேண்டும், அதுதான் ஒரு தையல். குண்டூசியில் அடித்த அடியில் என் ஊசிக் கம்பி, தன்னைப் பிடித்திருக்கிற இடத்தில் வழுக்கி ஒரு அரிசிமணித் தடிப்புக்கு மேலே ஏறிவிட்டது. அதனால் ஷட்டில் வரும்போது வளையம் அதற்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. சில நேரம் பிடிக்கிறது, சில நேரம் தவறவிடுகிறது. ஊசியை எத்தனை மாற்றினாலும், டென்ஷனை எந்தப் பக்கம் திருகினாலும் இது சரிவராது. ஷட்டிலை மாற்றினாலும் சரிவராது.

நானா கம்பியைப் பிடித்திருக்கிற ஸ்குரூவை முழுதாகக் கழற்றவில்லை, கொஞ்சம் இளக்கினார். ஒரு மரத்துண்டை வைத்து மெல்லத் தட்டிக் கம்பியை இறக்கினார், மேல்கோடு வெளியே வந்தது. கம்பி தன் அச்சில் திரும்பிவிடக் கூடாது, திரும்பினால் ஊசியின் முகம் மாறிவிடும் என்று சொல்லி, ஊசி பூட்டுகிற ஸ்குரூ எந்தப் பக்கம் பார்த்தது என்பதை முதலிலேயே சோக்கால் குறித்து வைத்திருந்தார். இறுக்கினார். என் பழைய ஷட்டிலைப் பையிலிருந்து எடுத்துக் கேட்டபோது வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இதுக்கு என்ன குறை?” என்றார். நுனியில் ஒரு சின்னக் கீறல் மட்டும் இருந்தது, மிக நைசான எமெரிக் கடதாசியால் நாலு இழுப்பு இழுத்துவிட்டு அதையே திரும்பப் போட்டார். தையல் தட்டின் ஓட்டையிலும் ஊசி அடித்த சிராய்ப்பு இருக்கிறதா என்று ஒரு பஞ்சுத் துணுக்கை அதன்மேல் இழுத்துப் பார்த்தார், சிராய்ப்பு இருந்தால் பஞ்சு மாட்டுமாம், மாட்டவில்லை. பிறகு நான் கெடுத்து வைத்திருந்த பொபின் கேஸ். பொபினைப் போட்டு, நூல் நுனியைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிட்டார், அது தானாகவே சரசரவென்று தரைக்கு இறங்கியது. ஸ்குரூவைக் கடுகளவு இறுக்கி மறுபடி தொங்கவிட்டார். இப்போது அசையாமல் தொங்கியது, கையை ஒரு வெட்டு வெட்டினால் மட்டும் இரண்டு மூன்று விரல்கடை இறங்கி நின்றது. அதுதான் அளவு.

இருபது நிமிடம். 500 ரூபாய் கேட்டார். நான் கூடக் கொடுக்க வாங்கவில்லை.

அவர் கடைசியாகத் தையல் தட்டைக் கழற்றி உள்ளே காட்டியதுதான் எனக்கு உறைத்தது. துணியைப் பின்னால் தள்ளுகிற பற்களின் இடுக்கில் பஞ்சுத் தும்பு அடைந்து, எண்ணெயோடு சேர்ந்து அமுங்கி, கம்பளி போல இறுகியிருந்தது. ஈர்க்கால் நெம்பியபோது பாய்த்துண்டு மாதிரி ஒரே துண்டாக வந்தது. இது இரண்டு நாள் தைத்ததில் மட்டும் சேர்ந்தது இல்லை, ஆனால் கொழும்புப் பஞ்சு அடுக்கு அதைப் பல மடங்காக்கியிருக்கிறது. சாதாரணச் சட்டை தைப்பதற்கும் இந்த விரிப்புத் தைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான், ஒவ்வொரு தடவை ஊசி இறங்கும்போதும் நடு அடுக்கிலிருந்து கொஞ்சம் பஞ்சை இழுத்துக் கீழே கொண்டுபோகிறது. பற்களுக்கு நடுவில் தும்பு இறுகினால் பல் மேலே எழும்பாது, துணி நகராது, நாம் கையால் இழுப்போம், இழுத்தால் ஊசி வளையும், வளைந்த ஊசி ஷட்டிலில் அடிக்கும். ஒன்றிலிருந்து ஒன்றாக இப்படித்தான் போகும்.

இப்போது ஒவ்வொரு நாளும் தைத்து முடிய, மெசினை மூடுவதற்கு முன் தையல் தட்டைக் கழற்றுகிறேன். படம் கீறுகிற மெல்லிய பிரஷ் ஒன்றும் தென்னோலை ஈர்க்கும் வைத்திருக்கிறேன். ஈர்க்கு இரும்பைக் கீறாது, இடுக்குக்குள் வளைந்து போகும், முறிந்தாலும் எடுத்துவிடலாம். வாயால் ஊதுவதில்லை. ஊதினால் தும்பு இன்னும் உள்ளே போகும், வாயின் ஈரமும் இரும்பில் படும். கிழமைக்கு ஒரு தரம் ஷட்டிலைப் பிடித்திருக்கிற வளையத்தையும் கழற்றி, உள்ளே சுற்றுகிற பாதையை ஒரு பழைய பருத்தித் துணியால் துடைக்கிறேன். அங்கேதான் அறுந்த நூல் துண்டுகள் ஒளிந்திருக்கும். சில்லு திடீரென்று பூட்டிக்கொண்டு அசையாமல் போனால் பெரும்பாலும் அப்படி ஒரு நூல் துண்டுதான் காரணம், பலமாகச் சுற்றாமல் சில்லை முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நூலை ஊசிநுனியால் இழுத்து எடுக்க வேண்டும்.

எண்ணெய் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். எங்கள் பக்கம் வீட்டில் எப்போதும் இருக்கிற எண்ணெய் அதுதான், மெசின் சத்தம் போட்டால் இரண்டு சொட்டு விடுவது பலருக்கும் பழக்கம், அம்மாவும் அப்படித்தான் விட்டிருக்கிறார். விட்ட அன்றைக்கு மெசின் பூப்போல ஓடும். ஆனால் அது உண்ணுகிற எண்ணெய், காற்றுப் பட்டுப் பட்டுக் காலப்போக்கில் தடித்து, மண்ணிறப் பிசின் போலாகி, இரும்போடு இரும்பை ஒட்டிவிடும். தையல் மெசினுக்கென்று விற்கிற, தண்ணீர் மாதிரித் தெளிந்த எண்ணெய்தான் வேண்டும். கறள் இளக்குகிற ஸ்பிரேயும் இதற்கு ஆகாது, இருக்கிற எண்ணெயையும் கழுவிவிட்டுக் காய்ந்துவிடும். இரும்பு இரும்போடு உரசுகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு. தலையைப் பின்னால் சாய்த்தால் அடியிலும் அப்படி இடங்கள் இருக்கின்றன, அவற்றைத்தான் எல்லோரும் மறப்பது. டென்ஷன் தட்டுகளிலும் பெல்ட்டிலும் எண்ணெய் படக் கூடாது. விட்ட பிறகு நூல் இல்லாமல் ஐந்து நிமிடம் மிதித்து, பிறகு கழிவுத் துணியில் தைத்துப் பார்த்து, துணியில் எண்ணெய்க்கறை வருவது நின்ற பிறகுதான் நல்ல துணியை வைக்க வேண்டும். தொடர்ந்து தைக்கிற நாட்களில் ஷட்டில் பாதைக்கு எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரமாவது எண்ணெய் வேண்டும்.

ஊசிக்கும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். முறியும்வரை ஒரே ஊசியில் தைப்பது நம் எல்லோருக்கும் பழக்கம், நான் இப்போது ஒரு விரிப்புக்குக் குறைந்தது இரண்டு ஊசி மாற்றுகிறேன். மூன்று அடுக்குக்கு 90/14 அளவு. ஊசியின் ஒரு பக்கம் நீளக் குழி இருக்கும், கடைசியாக நூல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் குழி இருக்க வேண்டும், அதற்கு எதிர்ப்பக்கம் ஷட்டில். இதை மாறிப் போட்டால் ஒரு தையலும் விழாது. தையல் நீளம் அங்குலத்துக்குப் பத்து, அதைவிடச் சிறிதாக்கினால் தடித்த துணி சுருங்கும்.

கீழ்ப்பக்கம் நூல் கொத்துக் கொத்தாக விழுந்தால் பொபினில் பிழை என்றுதான் எல்லோருக்கும் தோன்றும், கீழே நடப்பதால். பெரும்பாலும் பிழை மேல் நூலில். துணியை அமத்துகிற பாதம் கீழே இருக்கும்போது நூல் கோத்தால் டென்ஷன் தட்டு இரண்டும் இறுகி மூடியிருக்கும், நூல் நடுவில் இறங்காது. பாதத்தை உயர்த்திவிட்டுக் கோக்க வேண்டும், அவ்வளவுதான். இதற்காகப் பொபின் கேஸைத் திருகியவர்கள் என்னைத் தவிர இன்னும் இருப்பார்கள். டென்ஷனைப் பார்ப்பதற்கு, அதே மூன்று அடுக்கில் ஒரு சின்னத் துண்டு வெட்டி, மேலே சிவப்பும் கீழே நீலமுமாக நூல் போட்டுத் தைத்துப் பாருங்கள். மேல்பக்கம் நீலப் புள்ளி தெரிந்தால் மேல் நூல் இறுக்கம், கீழ்ப்பக்கம் சிவப்புத் தெரிந்தால் தளர்வு. இரண்டும் தெரியாமல் முடிச்சு நடுப் பஞ்சுக்குள் ஒளிந்தால் சரி. கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருகினால் போதும்.

பெரிய விரிப்பு என்றால் அதன் பாரமே ஊசியை வளைக்கும். மெசினுக்கு இடது பக்கம் ஒரு வாங்கைப் போட்டு, தைத்த பகுதி தரையில் தொங்காமல் அதன்மேல் கிடக்கும்படி வைத்துக்கொள்கிறேன். அடுக்குகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சேஃப்டி பின் குத்தி, தையல் கிட்ட வர வரக் கழற்றுகிறேன். குண்டூசி இனி இல்லை. பூக்கோலம் மாதிரி வளைத்து வளைத்துத் தைக்க வேண்டுமென்றால் பல் துணியைத் தள்ளக் கூடாது. பற்களை மறைக்கப் பழைய ரெலிபோன் கார்ட் ஒன்றில் ஊசி போகிற அளவுக்கு ஓட்டை போட்டு, தையல் தட்டின்மேல் டேப்பால் ஒட்டிவிடுகிறேன். துணியை நம் இரண்டு கையாலும் நாமே நகர்த்தலாம், நல்ல வழுக்கலாகவும் இருக்கும்.

தோல் பெல்ட் மாரியில் ஈரத்துக்கு இழுபட்டுத் தளரும், மிதித்தால் கீழ்ச் சில்லு சுற்றும், மேல் சில்லு சுற்றாது. புதுப் பெல்ட் வாங்க ஓட வேண்டாம். இணைத்திருக்கிற கம்பிக் கொளுக்கியை விரித்து, அரை அங்குலம் வெட்டி, குறட்டால் புது ஓட்டை குத்தி மறுபடி கொளுவினால் இன்னும் இரண்டு வருடம் ஓடும். உப்புக் காற்றுக்கு நான் செய்வது, மெசினைப் பொலித்தீனால் மூடாமல் தடித்த பருத்தித் துணியால் மூடுவது. பொலித்தீன் ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும், வாடைக் காற்றுக் காலத்தில் காலையில் திறந்தால் இரும்பு வியர்த்திருக்கும். ஊசிகளைச் சின்னப் போத்தலில் அரிசியோடு போட்டு இறுக்கி மூடி வைக்கிறேன்.

தங்கச்சியின் விரிப்பு பிள்ளை பிறந்து பதினோராம் நாள்தான் முடிந்தது. தையல் விட்ட இடங்களையெல்லாம் பிரித்துத் திரும்பத் தைத்தேன், குண்டூசி இருந்த அந்த எட்டு மூலைப் புள்ளியைக் கடக்கும்போது மிதிக்கவில்லை, சில்லைக் கையாலேயே சுற்றி ஒவ்வொரு தையலாக இறக்கினேன்.

நானாவைச் சொன்ன பக்கத்து வீட்டு மாமியிடமும் ஒரு கால் மெசின் இருக்கிறது, பத்து வருடமாகத் தைக்கவில்லை, சில்லு அசையாது. முந்தாநாள் அதன் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே எல்லாம் மண்ணிறம், பழைய தேங்காய் எண்ணெய் மணம். விறாந்தையில், அடுப்பு நெருப்புப் படாத பக்கமாக வைத்து, ஒவ்வொரு மூட்டுக்கும் மண்ணெண்ணெய் விட்டிருக்கிறோம். நேற்று ஒன்றும் நடக்கவில்லை. இன்று காலையில் மாமி கூப்பிட்டார், “இஞ்ச வாங்க கா, அசையுது” என்று. போய்ப் பார்த்தேன், கால் சுற்று அசைகிறது. முகத் தகட்டுக்குள் டோர்ச் அடித்தோம், ஊசிக் கம்பியில் ஒரு கோடு தெரிகிறது. மற்றது இருக்கிறதா என்று பார்க்கக் கம்பி கீழே வர வேண்டும், அதற்கு இன்னும் அரைச் சுற்று வேண்டும். இரவைக்கு மறுபடி மண்ணெண்ணெய் விடப் போகிறோம்.